ஐம்பது கிலோ

"பொய். அத்தனையும் பொய்" என்றார் தணிகாசலம்.

எலும்பு முறிவு வார்டு. காலை பத்து மணி.

அவர் அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர். நோயாளிக் குறிப்புகளை ஏட்டிலிருந்து திரைக்குக் கொண்டுபோனவர். ஐம்பத்திரண்டு வயது. யாரையும் நம்பமாட்டார்.

எதிரே பெனிட்டா. வார்டுப் பொறுப்பு நர்ஸ். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

"இந்த மாசம் எழுபத்தாறு நோயாளி. எழுபத்தாறு பேரும் ஐம்பது கிலோ. எப்படி சிஸ்டர்?"

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு அப்படி."

அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

மெமோ. முத்துச்செல்வி என்ற நர்ஸின் பெயர் அதில் இருந்தது. பொய்ப் பதிவு; வேலை நீக்கம். சாயங்காலத்துக்குள் கையெழுத்தாகிவிடும்.

"அவ பேர்லதான் இந்த ஐம்பது அதிகம். நீங்களும் கூட்டோன்னு சந்தேகம்."

"எனக்கும் ஒரு சந்தேகம் சார். திரையில அந்த எடைக் கட்டத்தை வெச்சப்போ யாரைக் கேட்டீங்க?"

"பெரிய டாக்டரை."

"அவர் கடைசியா எப்போ ஊசி போட்டாரு?"

பேச்சை மாற்றுகிறாள் என்று நினைத்தார்.

பெனிட்டா எழுந்தாள்.

"ஒன்பதாம் கட்டில். இப்பதான் வந்தாரு. வலிக்கு ஊசி எழுதியாச்சு. இன்னிக்கு நீங்க பதிஞ்சு வாங்கிக் குடுங்க. உங்க பேர்லயே கம்ப்யூட்டருக்குள்ள போங்க."

ஏதோ பொறி என்று தோன்றியது. ஆனாலும் போனார்.

ஒன்பதாம் கட்டிலில் பிச்சையா. லாரியிலிருந்து விழுந்தவர். தொடை எலும்பு இரண்டு துண்டு.

திரை எடை கேட்டது. அது நிரம்பாமல் மருந்துப் பக்கம் திறக்காது. அது திறக்காமல் மருந்தகம் ஊசி தராது.

"எடை பாக்கற மெஷின் எங்கே?"

பெனிட்டா மூலையைக் காட்டினாள். ஏறி நிற்கிற மெஷின்.

தணிகாசலம் மெஷினைப் பார்த்தார். பிச்சையாவின் காலைப் பார்த்தார்.

"ஐயா, உங்க எடை எவ்வளவு?"

"நான் என்ன ரேஷன் மூட்டையா, எடை போட்டு வெச்சிருக்க? ஊசியைப் போடுய்யா!"

'தெரியாது' என்று அடித்தார்.

சிவப்பில் வந்தது: எண் மட்டும்.

பூஜ்யம் அடித்தார்.

சிவப்பில் வந்தது: செல்லாது.

இரண்டு வரியும் அவரே எழுதியவை.

பிச்சையா அலறினார். அவர் மனைவி தணிகாசலத்தின் சட்டையைப் பிடித்தாள்.

"யாருய்யா நீ? மருந்து தராம அங்க என்ன தட்டிக்கிட்டு இருக்க? யார் அனுப்புனா உன்னை?"

தணிகாசலம் பெனிட்டாவைத் திரும்பிப் பார்த்தார்.

ஐந்து அடித்தார். பூஜ்யம் அடித்தார்.

பக்கம் திறந்தது.

ஊசி வந்தது. பெனிட்டா போட்டாள். கொஞ்ச நேரத்தில் அலறல் முனகலானது.

பெனிட்டா கையைக் கழுவிவிட்டு வந்தாள். பேனாவை நீட்டினாள்.

"மெமோவுல பேரை மாத்துங்க சார்."