வரித்தலை வாத்துகள் ஏன் வாய் மூடாமல் பறக்கின்றன

“டீச்சர், மெல்லியோட றெக்கை என் கண்ணுல இடிக்குது! டீச்சர், மெல்லியோட றெக்கை என் கண்ணுல இடிக்குது!”

ஏரிக்கரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து சலம்பி இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு எழுத்து கூட மாற்றவில்லை.

“இடிச்சா கண்ணை மூடிக்கோ” என்றாள் நெடுங்கழுத்தி டீச்சர்.

“கண்ணை மூடிட்டு எப்படி டீச்சர் பறக்கிறது?”

“அப்போ வாயை மூடிக்கோ.”

மனுஷனும் பறவையும் ஒரே பாஷையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சீன தேசத்தின் மேற்கு ஓரத்தில், பனி உருகி நிறையும் ஓர் ஏரிக்கரையில், வரித்தலை வாத்துகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. வாத்துகள் அப்போதெல்லாம் வரிசை கட்டிப் பறக்கவில்லை. சந்தை கலைந்த மாதிரி ஆளுக்கொரு பக்கம் பறக்கும். தோன்றினால் பேசும், தோன்றாவிட்டால் பேசாது.

நெடுங்கழுத்தி டீச்சர் வகுப்பில் மட்டும் அந்தக் கதையே கிடையாது. கேட்டால்தான் பேச வேண்டும். அந்த வழியாகப் போகிறவர்கள், இன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவார்கள். டீச்சருக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

தெற்கே நீண்ட பயணம் கிளம்பும் முன்னால், பிள்ளைகளைத் தாவோ துறவிகளின் புனித மலைக்குக் கூட்டிப்போய் உச்சிக் கோயிலில் கும்பிட வைப்பது வழக்கம். போன வருஷம் கொக்குப் பள்ளிக்கூடம் அங்கே போய், கூச்சலும் கும்மாளமுமாகப் பறவைக் குலத்து மானத்தையே வாங்கிவிட்டு வந்திருந்தது.

“சுற்றுலான்னா எப்படிப் போகணும்னு நான் காட்டுறேன்” என்று சொல்லித்தான் டீச்சர் இந்தப் பயணத்தை எடுத்திருந்தாள்.

கிளம்பும்போது மெல்லியின் அம்மா மட்டும் நகராமல் நின்றாள். “இட்ட முட்டையில தங்கினது இவ ஒருத்திதான் டீச்சர். வாயைத் திறந்து எதுவும் கேக்க மாட்டா. தொலைஞ்சு போயிடுவோமோன்னு பயம். அதான் யாரையாவது ஒட்டிக்கிட்டே பறக்கிறா.”

“என்கிட்ட விட்டுட்டீங்கள்ல? எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போறேனோ அத்தனை பேரையும் கூட்டிட்டு வருவேன். போய் வேலையைப் பாருங்கம்மா.”

பேச்சுக்குச் சொல்லவில்லை. டீச்சர் சொன்னால் சொன்னதுதான்.

மலையடிவாரத்துப் பைன் மரங்களுக்கு நடுவே இறங்கியதும் சலம்பி மறுபடியும் ஆரம்பித்தாள். “டீச்சர், மெல்லியோட றெக்கை...”

“போதும்! மெல்லி, நீ தள்ளிப் பற. ஒட்டிக்கிட்டே வர நீ என்ன கைக்குழந்தையா? இன்னொண்ணு, எல்லாரும் கேட்டுக்குங்க. இது சாமி மலை. நான் ‘இப்போ பேசலாம்’னு சொல்ற வரைக்கும் ஒருத்தர் வாயிலிருந்தும் சத்தம் வரக்கூடாது. இடியே விழுந்தாலும் சரி. புரிஞ்சுதா?”

எல்லாரும் தலையாட்டினார்கள். மெல்லி எல்லாரையும்விட வேகமாக ஆட்டினாள்.

பாதி மலை ஏறும்போது மூடுபனி இறங்கியது. இட்லிப் பானையைத் திறந்த மாதிரி, மூக்குக்கு முன்னால் வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. டீச்சர் அசரவில்லை. அவளுக்கு வழி தெரியும். பின்னால் ஒரு முணுமுணுப்பு இல்லை, ஒரு தும்மல் கூட இல்லை. கொக்கு வாத்தியார் வந்து பார்க்கணும் இதை, என்று நினைத்தாள். கழுத்து இன்னும் கொஞ்சம் நீண்டது.

கோயில் முற்றத்தில் இறங்கினார்கள். வெண்தாடித் துறவி ஒருவர் படியில் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். சலம்பிக்குப் பின்னால் ஓர் இடம் காலியாக இருந்தது.

“மெல்லி எங்கே?”

யாரும் வாய் திறக்கவில்லை.

“கேக்கிறேன்ல? சலம்பி, உன் பின்னாலதானே வந்தா?”

சலம்பி அலகை இறுக்கிக்கொண்டு டீச்சரையே பார்த்தாள். அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது.

“இப்போ பேசலாம்” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

“பனி வந்தப்பவே அவளைக் காணோம் டீச்சர். நான் திரும்பிப் பார்த்தேன். நீங்கதானே இடி விழுந்தாலும் பேசக்கூடாதுன்னு சொன்னீங்க?”

துறவி டீக்கிண்ணத்தைக் கீழே வைத்தார். “இங்கே பேசக்கூடாதுன்னு யாரும்மா சொன்னது? அதோ அருவி, நாளெல்லாம் கத்திக்கிட்டேதான் இருக்கு. போன வருஷம் கொக்குப் பிள்ளைங்க வந்து போட்ட கூத்துல நாங்க வயிறு வலிக்கச் சிரிச்சோம்.”

டீச்சர் சிறகை விரித்தாள். “எல்லாரும் எழும்புங்க. என் பின்னால வரிசையா வாங்க. பக்கத்துல இருக்கிறவங்க றெக்கை உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும். வாயை மட்டும் மூடக்கூடாது. நான் கூப்பிடுவேன், நீங்க பதில் சொல்லணும். ஒருத்தர் விடாம.”

பனிக்குள் இறங்கினார்கள். “இன்னும் கிட்ட வா” என்று பின்னால் வந்தவனிடம் சலம்பி சொன்னாள். “கண்ணுல இடிச்சாலும் பரவாயில்ல.”

பள்ளத்தாக்கு ஒன்று விடாமல் பார்த்தார்கள். எங்கேயோ ஒரு மரக்கிளையிலோ பாறை இடுக்கிலோ அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள், சொன்ன சொல்லை மீறாமல், வாயை இறுக மூடிக்கொண்டு. டீச்சருக்கு அது தெரியும். வகுப்பிலேயே சொல் பேச்சு கேட்கிற பிள்ளை அவள்தான்.

பனிமழை தொடங்கிய பிறகும் அவர்கள் தேடுவதை விடவில்லை.

வரித்தலை வாத்துகள் வரிசை பிடித்து, இறக்கையோடு இறக்கை உரசுகிற மாதிரி, ஓயாமல் கூவிக்கொண்டு பறக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். குளிர்காலத்தில் பனிமலைகளைத் தாண்டி நம் கூந்தன்குளம் வரைக்கும் அப்படியேதான் வருகின்றன. “எல்லாரும் இருக்கீங்களா?” என்று முன்னால் போவது கேட்கும். “இருக்கோம், இருக்கோம்” என்று பின்னால் வருவதெல்லாம் சொல்லும். அதோடு நிறுத்தாமல், முன்னால் போவது கழுத்தை நீட்டி இன்னொரு தடவை கூவும்:

“மெல்லி, இப்போ பேசலாம்மா. ஒரே ஒரு குரல் கொடு.”