எட்டாவது பொத்தான்

ஒரு மடத்தின் அலுவலகத்துக்குப் புதிய மேசைத் தொலைபேசி வந்தது. அதன் வலது ஓரத்தில் எட்டுப் பொத்தான்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணைப் பதிந்துவைத்தால், ஒரே அழுத்தலில் அங்கே மணி அடிக்கும். வெளியிலிருந்து வந்த அழைப்பையும் அப்படியே அங்கே மாற்றிவிடலாம்.

பதியும் வேலை சுடலைமணிக்கு வந்தது. சீடர்களில் அவன் ஒருவன்தான் கல்லூரி முடித்தவன். அவன் வீட்டிலும் கல்லூரிக்குப் போனதில் அவன்தான் முதல்.

ஆங்கிலக் கையேட்டை மடியில் விரித்துக்கொண்டு பதிந்தான். சமையற்கட்டு, மாட்டுத் தொழுவம், விருந்தினர் அறை, வைத்தியர் என்று ஏழு நிரம்பியது. குருவின் அறையிலும் புதிதாக ஒரு தொலைபேசி வைத்திருந்தார்கள்; எட்டாவதில் அதைப் பதிந்தான். அதன் பக்கத்துச் சீட்டில் 'சாமி' என்று எழுதினான்.

மடத்தில் சமைக்கும் கோமதியக்கா மோர் கொண்டுவந்தாள்.

“சாமியப் போயி கடைசியிலயா போட்ட?”

“கடைசியா அவர்கிட்டதானக்கா போகணும்.”

“நல்லாத்தான் பேசுத. படிச்ச புள்ளைல்லா.”

மறுவாரம் ஒரு காலையில் ஒருவர் அழைத்தார்.

“என் மக போய்ட்டா தம்பி. எனக்கும் இனி இருக்கப் பிடிக்கல. சாமிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணிக்கிடுதேன்.”

சுடலைமணி “கொஞ்சம் இருங்கய்யா” என்று சொல்லி எட்டாவது பொத்தானை அழுத்தினான். அதன் விளக்கு சிவந்தது. குரு எடுத்துவிட்டார். அவன் ரிசீவரை வைத்துவிட்டு மூச்சுவிட்டான்.

விளக்கு வெகுநேரம் எரிந்து, அணைந்தது.

கோமதியக்கா வாசலில் வந்து நின்றாள். “இன்னைக்கு அமாவாசைல்லா. சாமி சாப்பாட்டை கதவுகிட்ட வச்சிட்டு வந்திரட்டுமா?”

அமாவாசையில் குரு பேசமாட்டார். மறுநாள் விடியும்வரை மௌனம். அன்று அவர் கதவில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருக்கும். இதுவரை அவரைக் கேட்டு யார் அழைத்தாலும், ஒருவர் அறைவரை நடந்துபோய்க் கூப்பிடுவார். துணியைப் பார்த்தால் திரும்பிவிடுவார். பொத்தான் வந்தபின் யாரும் நடக்கவில்லை.

சுடலைமணி ஓடினான். துணி கட்டியிருந்தது. உள்ளே குரு தொலைபேசியின் முன் உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை.

தொலைபேசி புதிதென்றாலும் இணைப்பு பழையது; அழைத்தவர் எண் தெரிவதில்லை. காவல் நிலையத்துக்குப் போனான். பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்டார்கள். அழைத்தவரிடம் அவன் இரண்டையும் கேட்டிருக்கவில்லை.

விடிந்ததும் குருவின் முன் நின்றான்.

“அவர் என்ன சொன்னார் சாமி?”

“மகளைப் பத்திச் சொன்னார். சின்னதில அவளுக்குச் சோறு இறங்காதாம். காக்கா தூக்கிட்டுப் போயிரும்னு பயங்காட்டி ஊட்டுவாராம்.”

“நீங்க?”

“கேட்டுக்கிட்டிருந்தேன்.”

“ஒரு வார்த்தைகூடவா சொல்லல?”

“இல்ல.”

“அப்புறம்?”

“பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு, ‘சரி சாமி’ன்னார். வச்சிட்டார்.”

“நீங்க பேசாததையே பதில்னு எடுத்துக்கிட்டாரா?”

“எடுத்திருக்கலாம்.”

“என்ன பதில்னு?”

“தெரியல.”

“உங்க விரதம் அவ்வளவு பெரிசா சாமி?” கேட்டுவிட்டான். கேட்டபின் பயந்தான்.

குரு எழுந்தார். அலுவலகத்துக்கு நடந்தார். எட்டாவது பொத்தானின் மேல் விரலை வைத்தார்.

“இதை எதுக்கு வச்ச?”

“எங்க வீட்டுல என்ன காகிதம் வந்தாலும் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பாங்க சாமி. எனக்கும் புரியலன்னு சொல்ல முடியாது. தப்பாச் சொல்லிருவேனோன்னு பயமா இருக்கும். இங்க எனக்கு மேல நீங்க இருக்கீங்க. எனக்குத் தெரியாதது வந்தா உங்களுக்கு அனுப்பிரலாம்னுதான்...”

“நேத்து எனக்கும் தெரியல.”

“சாமி?”

“விரதத்துக்காக நான் வாயை மூடல. அந்த மனுஷன்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல. அமாவாசையா இருந்தது எனக்கு வசதியாப் போச்சு.”

குரு பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

“இதை அழிச்சிரு” என்றார் குரு.

அவன் பொத்தானை அழுத்திப் பிடித்தான். விளக்கு மின்னியதும் பதிந்ததை அழித்தான். சீட்டை உருவி எடுத்தான்.

“அவர் திரும்பக் கூப்பிட்டா என்ன சொல்லட்டும் சாமி?”

“தெரியலன்னு சொல்லு. சொல்லிட்டு, போனை வச்சிராத.”

“கூப்பிடலன்னா?”

சுடலைமணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேற யாராவது கூப்பிடுவாங்க” என்றார்.