வாசலில் கிடந்த இடது கால் செருப்புகள்

முன்னொரு காலத்தில் ஒரு ராசாவுக்குக் காதுவலி வந்தது. எந்த நாடு, எந்த ராசா என்று கேட்காதீர்கள். கேட்டால் கதையை விட்டுவிட்டு வம்சாவளி சொல்லத் தொடங்கிவிடுவேன், அப்புறம் உங்களுக்கும் காது வலிக்கும்.

வலிக்குக் காரணம் அவருடைய சபைதான். ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு நாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். கருவூல அதிகாரி பதில் சொல்ல ஆரம்பித்தார். அதைத் திருத்தப் படைத்தலைவர் எழுந்தார். இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டுப் பெரிய பிரதானி பூவராகர், தம் பாட்டனார் காலத்து மழையிலிருந்து தொடங்கினார். விளக்கு வைக்கும் நேரத்தில் பேச்சு பூவராகருடைய மைத்துனர் கல்யாணத்தில் பரிமாறிய பாயசத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. ஏரித் தண்ணீர் எவ்வளவு என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

மறுநாள் ராசா காதில் எண்ணெய்த் துணியைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் கேட்டாலொழிய இனி இந்தச் சபையில் எவரும் வாய் திறக்கக் கூடாது. தும்மலாம். இந்த நாட்டில் பேசாத மனிதர்கள் யாரேனும் இருந்தால் அழைத்து வாருங்கள். எமக்கு அவர்கள்தாம் வேண்டும்" என்றார்.

தேடினார்கள். பேசாதவனைத் தேடுவது லேசான காரியம் இல்லை. கூப்பிட்டால் பதில் வராது. எப்படியோ இரண்டு பேரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒருவர் பெயர் திருமேனி, மற்றவர் பொன்னம்பலம். இருவருக்கும் நடு வயது, ஒடிசலான உடம்பு. சபைக்குள் வந்ததும் ஆளுக்கொரு தூணைப் பார்த்து அதன் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்கள். பிரயாணம் சௌகரியமா என்று கேட்டதற்கு இருவரும் சிரித்தார்கள். அதுவும் ஒரே மாதிரிச் சிரிப்பு. ராசாவுக்குப் பாதி வலி அங்கேயே போய்விட்டது.

அப்போது நாட்டில் இரண்டு வேலைகள் காத்துக் கிடந்தன. ஒன்று, ஆற்றுக்கு அக்கரை ராசாவிடம் தூது போவது. அந்த ராசா பொழுது முழுவதும் பேசுவார்; அதில் எங்கோ ஓரிடத்தில்தான் விஷயம் இருக்கும். போன தூதர் நடுவில் கொட்டாவி விட்டுவிட்டார். அன்றிலிருந்து அக்கரைப் படை ஆற்றோரம் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று, ஏரிக்கு மதகு எங்கே வைப்பது என்று யோசிப்பது.

"இருவரும் ஒரே அச்சாக இருக்கிறார்கள். யாரை எங்கே அனுப்பினால் என்ன? திருவுளச்சீட்டுப் போடுங்கள்" என்றார் ராசா.

அந்தச் சபையில் கட்டியப்பன் என்று ஒரு விகடன் இருந்தான். அவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தெரிந்தால் விகடனாகி இருப்பானா? பெரிதாக ஒரு தும்மல் போட்டான்.

"என்ன கட்டியப்பா?" என்று ராசா கேட்டுவிட்டார். கேட்டாயிற்று, இனிப் பேசலாம்.

"மகாராசா, இவர்கள் இருவரும் ஒன்று அல்லர். ஒருவர் பிறர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதால் பேசாதவர். மற்றவர் எதையுமே கேட்காததால் பேசாதவர். தமக்குள்ளேயே வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் மௌனம்தான். கேட்காதவரைத் தூது அனுப்பினால் யுத்தம் வரும். கேட்பவரை ஏரிக்கு அனுப்பினால் ஒவ்வோர் ஊர்க்காரர் அழுகையையும் கேட்டு ஊருக்கொரு மதகு வைப்பார். ஏரி வற்றிப்போகும்."

"அப்படியா? இதில் யார் எவர்?"

"அது இன்னும் தெரியவில்லை, மகாராசா. இப்படி இரண்டு பேர் என்று ஊரார் பேசிக்கொண்டது மட்டும்தான் காதில் விழுந்தது."

பூவராகர் இதற்காகவே காத்திருந்தவர்போல அடுத்தடுத்துத் தும்மினார். தூதுப் பதவியைத் தம் மைத்துனருக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. இந்த இரண்டு ஊமைகளும் ஒழிய வேண்டும். கூடவே கட்டியப்பனும் ஒழிந்தால் ரொம்ப நல்லது. ராசா தலையசைத்ததும் எழுந்தார்.

"பிரபு, கட்டியப்பர் மகா புத்திசாலி. ஆகவே எளிய வழி அவருக்கு மரியாதையாகாது. அவர் இனி அவ்விருவர் முகத்தையும் பார்க்காமல், குரலைக் கேட்காமல், எவரிடமும் ஒரு கேள்வியும் கேட்காமல், அவர்கள் தங்கியிருக்கும் வாசற்படி ஏறாமல் கண்டு சொல்லட்டும். நாளை மாலைக்குள் சொல்லத் தவறினால் மொட்டையடித்து நாட்டைவிட்டு அனுப்புவதே நியாயம். பின்னும் ஒன்று. அவருக்கு இச்சபையில் சிநேகிதர்கள் உண்டு. எனவே அதிகாரிகள் எவரும் அந்த வாசலை மிதிக்கலாகாது என்று தாங்கள் ஆணையிட வேண்டும்."

ராசாவுக்கு வேடிக்கை என்றால் கொள்ளை ஆசை. "ஆணையிட்டோம். மீறுபவர் பதவி பறிபோகும். கட்டியப்பா, உனக்குச் சம்மதமா?"

"சம்மதம், மகாராசா. ஆணையை மட்டும் எல்லார் காதிலும் நன்றாக விழும்படி இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்கள்" என்றான் கட்டியப்பன்.

சொன்னார்கள். திருமேனியை விருந்தினர் மாளிகையில் மேற்கு அறையிலும் பொன்னம்பலத்தைக் கிழக்கு அறையிலும் தங்க வைத்தார்கள். இரண்டு அறைக்கும் தனித்தனி வாசல், தனித்தனிப் படி. முற்றத்தில் ஒரு காவலாள்.

கட்டியப்பன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். அவன் மனைவி செண்பகவடிவு முறத்தைக் கீழே போட்டாள்.

"போன வாரந்தான் முருங்கைக் கொம்பு நட்டேன். எருமை வேற சினையா இருக்கு. நாட்டை விட்டுப் போன்னா எங்கய்யா போறது? உங்க வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டா என்ன?"

"பூட்டுப் போட்டா என்னையும் பேசாதவன்னு புடிச்சிட்டுப் போயிருவாங்க வடிவு."

"சிரிக்காதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

கட்டியப்பனும் உள்ளுக்குள் அரண்டுதான் போயிருந்தான். ஊரைச் சிரிக்க வைக்கிறவன் பயப்படக் கூடாதா என்ன? பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தான். அவள் எருமைக்குத் தவிடு வைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையிலேயே ஒரு சாக்கோடு போய் விருந்தினர் மாளிகை முற்றத்துக்கு எதிரே இருந்த வேலியோரம் உட்கார்ந்தான். குரல் கேட்கக் கூடாதே, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டான். முகம் பார்க்கக் கூடாதே, தலைப்பாகையைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். இப்போது அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தரையும், படியின் அடியில் ஒரு முழ உயரமும்தான். அதுவே போதும் என்றிருந்தான்.

நம் அதிகாரிகளை நினைத்துப் பாருங்கள். ராசா வாயைக் கட்டிப் போட்டுவிட்டார். வீட்டில் பேசலாம் என்றால் வீட்டில் இருப்பவர்கள் ஏற்கெனவே கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள். உள்ளே பேச்சு ஊறிப்போய்க் கிடக்கிறது. ஊரிலேயே இரண்டு பேர் குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் எத்தனை நேரம் தாங்கும்? அதுவும் போகக் கூடாது என்று சொல்லிவிட்ட பிறகு!

முதலில் போனவன் காவலாளே. தூணில் ஈட்டியைச் சாத்தினான், படியடியில் செருப்பை விட்டான், உள்ளே போய்விட்டான். காவல் இல்லை என்றானதும் கொல்லை வழியாகக் கருவூல அதிகாரி வந்தார். அவருக்குப் பின்னால் படைத்தலைவர் வந்தார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல உள்ளே போனார்கள். வேலியோரம் தலைப்பாகைக்குள் புதைந்து கிடந்தவனை, குருட்டுக் கோலத்தில் இருப்பவன் நம்மை எங்கே பார்க்கப் போகிறான் என்று ஒருவரும் சட்டை செய்யவில்லை.

உள்ளே நடந்தது கட்டியப்பனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், சொல்கிறேன். கிழக்கு அறை பக்கத்தில் இருந்ததால் எல்லாரும் முதலில் அங்கேதான் போனார்கள். கருவூல அதிகாரி தம் மருமகள் தமக்கு ரசம் ஊற்றும் விதத்தை மனம் நொந்து சொல்லி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பொன்னம்பலம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ம்?" என்றார். அதிகாரி எழுந்து மேற்கு அறைக்குப் போய்விட்டார்.

மேற்கு அறையில் திருமேனியும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் ரசம் என்றதும் அவர் முகம் ரசத்துக்கு ஏற்ற மாதிரி மாறியது. மருமகள் என்றதும் அவர் கை தண்ணீர்ச் செம்பை மெல்ல முன்னால் நகர்த்தி வைத்தது. அவ்வளவுதான். உள்ளே போனவர்கள் வெளியே வரவில்லை.

கட்டியப்பன் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிழக்கு வாசலில் வந்தவை கொஞ்ச நேரத்தில் நகர்ந்தன. மேற்கு வாசலில் வந்தவை அப்படியே கிடந்தன. குவியல் ஏறிக்கொண்டே போனது. சித்திரை வெயில் உச்சிக்கு வந்து அவற்றை அப்பளம்போல் பொரித்தது. கடைசியாக ஒரு ஜோடி மரப் பாதக்குறடு 'டக் டக்' என்று கிழக்கு வாசலுக்குப் போய், உடனே திரும்பி, மேற்கு வாசலில் நின்றது. கட்டியப்பனுக்கு முதல்முறையாகச் சோற்றின் ஞாபகம் வந்தது. பயம் போனால்தான் பசி வரும். எழுந்து போய் அந்தக் குவியலில் ஒவ்வொரு ஜோடியிலும் இடது கால் செருப்பை மட்டும் எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டான். படி ஏறவில்லை. கேள்வி கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அரசாங்கத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் அந்த முற்றத்தில் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு ஓடினார்கள். வாய்விட்டுக் கத்தவும் முடியவில்லை, பாவம்.

மாலையில் சபை கூடியது. கட்டியப்பன் வந்து சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தான்.

"அபச்சாரம்!" என்று பூவராகர் தும்ம மறந்து எழுந்தார். "ராசசபையில் செருப்பைக் கொட்டினான், பிரபு! இதற்கு என்ன தண்டனை?"

"எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன், மகாராசா. சொந்தக்காரர்கள் வந்து அவரவர் செருப்பை எடுத்துக்கொள்ளட்டும், சபை சுத்தமாகிவிடும்" என்றான் கட்டியப்பன்.

ஒருவரும் அசையவில்லை. தும்மலும் இல்லை, செருமலும் இல்லை. அந்தச் சபையில் அப்படி ஓர் அமைதியை ராசா பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அனுபவித்தார். பிறகு இறங்கி வந்து குவியலைக் காலால் தள்ளிப் பார்த்தார். வெள்ளிக் குமிழ் வைத்த பாதக்குறடு ஒன்று உருண்டு வந்தது.

"பூவராகரே, இது உமது மணிவிழாவுக்கு நாம் கொடுத்தது அல்லவா?"

"ஆம், பிரபு. திருட்டுப் போயிற்று. இதோ நிற்கிறானே, இவன்தான் திருடன்."

"ஒப்புக்கொள்கிறேன், மகாராசா. திருடியது நான்தான்" என்றான் கட்டியப்பன். "எந்த வாசலில் திருடினேன் என்பதை மட்டும் பிரதானியவர்கள் திருவாய் மலர்ந்து சொல்லட்டும்."

பூவராகர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அவர் வாய் தானாக மூடியதை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

"மகாராசா, நான் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, குரலையும் கேட்கவில்லை. தங்கள் அதிகாரிகள்தாம் போய்ப் பார்த்து எனக்குச் சொன்னார்கள். அதையும் காலால் சொன்னார்கள். கிழக்கு வாசலில் யாருக்கும் நிற்க முடியவில்லை. மேற்கு வாசலில் செருப்பு வெந்துபோகும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை. கேட்பவர் திருமேனி. இந்நேரம் கிழக்கு வாசலில் ஒரே ஒரு ஜோடிதான் கிடக்கிறது, அது பொன்னம்பலத்துடையது. அதிலும் இரண்டும் இடது கால். ஊரிலிருந்து அப்படியே வந்திருக்கிறார் போலிருக்கிறது."

ராசா இருவரையும் வரவழைத்தார். "பொன்னம்பலம், இன்று உம்மிடம் யார் யார் வந்தார்கள்?"

பொன்னம்பலம் நெடுநேரம் யோசித்தார். "ஏரிக்குத் தென்கரையில் அடியில் பாறை உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு."

"அப்படியானால் மதகு அங்கேதான்."

ராசா திருமேனி பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும். இவர்கள் உம்மிடம் என்ன பேசினார்கள்?"

திருமேனி சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். கருவூல அதிகாரி மேல்துண்டைத் திருகிக்கொண்டிருந்தார். பூவராகர் முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது.

"அவர்கள் என்னிடம் சொன்னது என்னுடையது அல்ல, மகாராசா. அதை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை" என்றார் திருமேனி.

"ராசா கேட்கிறேன்!"

"தங்களுக்குக் கோபம் வந்திருக்கிறது. காது இன்னும் வலிக்கிறதோ?"

பூவராகர் பொலபொலவென்று அழுதுவிட்டார். "பிரபு, நானே சொல்கிறேன். மைத்துனனுக்காகத்தான் இவ்வளவும் செய்தேன். வீட்டில் தம்பிக்குப் பதவி கேட்கும் என் மனைவிக்குப் பதில் சொல்லி மாளவில்லை. இத்தனை வருஷத்தில் அதை ஒருவரிடம் முழுசாகச் சொல்லி முடித்தது இன்றைக்குத்தான். ஆணையை மீறியது உண்மை."

ராசா அவரைப் பார்த்தார், செருப்புக் குவியலைப் பார்த்தார், அடுத்து வரிசையாக நின்ற அதிகாரிகளின் கால்களைப் பார்த்தார். எல்லார் இடது பாதமும் வெந்து சிவந்திருந்தது. அடக்க முடியாமல் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்த சிரிப்பில் காதிலிருந்த எண்ணெய்த் துணி தெறித்து விழுந்தது.

"பதவியைப் பறித்தால் சபையில் நானும் தூணும்தான் மிஞ்சுவோம். எல்லாரும் போய்த் தொலையுங்கள். பூவராகரே, நீர் மட்டும் நாளைமுதல் ஏரிக்கரையில் பொன்னம்பலத்துக்குத் துணை. அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அவருக்கும் இடைஞ்சல் இல்லை, உமக்கும் தடை இல்லை. திருமேனி, நீர் அக்கரைக்குப் புறப்படும். கட்டியப்பா, உனக்கு என்ன வேண்டும்?"

"முருங்கைக் கொம்பு வேர் பிடிக்கும்வரை இந்த ஊரில் இருக்க உத்தரவு வேண்டும், மகாராசா."

ராசா இன்னொரு தரம் சிரித்து, தம் கைக் காப்பைக் கழற்றி அவன் கையில் போட்டார். எருமை மேய ஒரு புல்வெளியும் எழுதிக் கொடுத்தார்.

கதை இங்கே முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள்.

மறுநாள் காலை கட்டியப்பன் விருந்தினர் மாளிகைப் பக்கம் போனான். தூதுப் பல்லக்கு வாசலில் காத்திருந்தது. தூக்குகிறவர்கள் அதற்குள் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். மேற்கு வாசலில் ஒரே ஒரு ஜோடி கிடந்தது, பொன் வேலை செய்த பாதக்குறடு. நாட்டில் அதைப் போடுகிற கால் ஒன்றே ஒன்றுதான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ விடாமல் பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

கட்டியப்பன் குனிந்து அந்தப் பாதக்குறட்டை, இரண்டையுமே, எடுத்து நிழலில் சேர்த்து வைத்தான். அக்கம்பக்கம் பார்த்தான். யாரும் இல்லை என்று தெரிந்ததும் தன் செருப்பையும் கழற்றி, மரியாதைக்குக் கொஞ்சம் தள்ளி விட்டுவிட்டு, தன் முறை வரட்டும் என்று படியில் உட்கார்ந்துகொண்டான்.