முந்நூறு கஜப் புலி

கடுவனூர் சமஸ்தானத்தில் ராஜாவும் இருந்தார், லேசரும் இருந்தது. எப்படி என்று கேட்டால் கதை நகராது. இருந்தது, அவ்வளவுதான்.

ராஜா திருமேனி பூபதிக்கு வேட்டைப் பைத்தியம். சுடும்போது மட்டும் கண்களை இறுக மூடிக்கொள்வார். மான்கள் சத்தம் கேட்டுத் தலை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி மேயும். வாழ்நாளில் அவர் சாய்த்தது ஒரே ஒரு புலி. அதைப் பஞ்சடைத்துத் தர்பாரில் நிறுத்தியிருந்தார்கள். காலடியில் செப்புத் தகட்டில் ஒரு பாட்டு: முந்நூறு கஜத்துக்கு அப்பால் நின்ற புலியை மகாராஜா ஒரே குண்டில் வீழ்த்தினார் என்று. பாடியவர் அரசவைப் புலவர் நல்லபெருமாள் கவிராயர். அதற்கு ஒரு கிராமமே மானியமாகக் கிடைத்தது. நெய்ச்சோறு சாப்பிட்டுச் சாப்பிட்டு, வயிறு முன்னே வர அவர் பின்னே வருகிற அளவுக்கு ஆகிவிட்டார்.

ஒரு நாள் வணிகர் ஒருவர் இரண்டு லேசர் தூரமானிகளோடு தர்பாருக்கு வந்தார். கையடக்கமான கருவி. கண்ணில் வைத்துப் பொத்தானை அமுக்கினால், எதிரே நிற்பது எத்தனை கஜத்தில் இருக்கிறது என்று எண் தெரியும். சின்னது முந்நூறு கஜம் வரை காட்டும். பெரியது இரண்டாயிரம் வரை.

"ஓய் கவிராயரே! தூரம் சொல்வதில் உம்மை மிஞ்ச ஆள் ஏது? எதை வாங்கலாம், சொல்லும்" என்றார் ராஜா.

எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்றே கவிராயருக்குத் தெரியாது. ஆனாலும் வாங்கிப் பார்த்து, "ஆகா!" என்று தலையாட்டினார். தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

தளவாய் மாவலிராயருக்கு அந்த மானியக் கிராமத்தின் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். அவர் எழுந்தார். "மகாராஜா, சோதிக்காமல் வாங்கலாமா? தாங்கள் ஏறி நின்று சுட்ட பரண் இருக்கிறது, புலி விழுந்த பாறையும் இருக்கிறது. நடுவே முந்நூறு கஜம் என்று செப்புத் தகடே சொல்கிறது. கருவியும் அதையே சொல்கிறதா, பார்ப்போமே!"

"பலே!" என்றார் ராஜா. "கருவி தப்பென்றால் வணிகரின் சரக்கு பறிமுதல். பாட்டு தப்பென்றால் மானியம் பறிமுதல்!"

கவிராயருக்கு நெய்ச்சோறு நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

எல்லோரும் காட்டுக்குப் போய்ப் பரணில் ஏறினார்கள். ராஜா பெரியதை எடுத்துப் பாறையைப் பார்த்தார். முப்பது. சின்னதிலும் பார்த்தார். முப்பது.

"என்னய்யா இது? ஊரெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்குமே!" ராஜாவின் முகம் சிவந்தது. தளவாய் மீசையைத் தடவினார். வணிகர் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

கருவி கோளாறு என்று சொல்லிவிடலாமா? இரண்டும் ஒரே எண்ணைக் காட்டித் தொலைத்தனவே. அந்த வணிகரின் முகத்தைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. இனி விற்பதற்குக் கவிராயரிடம் மிச்சம் இருந்தது தன் மானம் ஒன்றுதான். போனால் போகட்டும் என்று துணிந்தார்.

"மகாராஜா, கருவியும் சரி, பாட்டும் சரி. கருவி தங்கள் இடத்திலிருந்து அளக்கிறது. நான் என் இடத்திலிருந்து அளந்தேன்."

"நீர் எங்கே இருந்தீர்?"

"புலி உறுமியதும் ஓட ஆரம்பித்தேன். வேட்டுச் சத்தம் கேட்டபோது முந்நூறாவது கஜத்தில் இருந்தேன். முப்பது கஜத்தில் புலிக்கு எதிரே நிற்க நான் என்ன மகாராஜாவா?"

அன்று அவர் ஓடியது உண்மை. எத்தனை கஜம் என்பதுதான் கவிதை.

ராஜாவின் முகம் மலர்ந்தது. "அட, முப்பது கஜம்தான் பெரிய வீரம் என்கிறீர்!"

"பொய், மகாராஜா!" என்று கத்தினார் தளவாய். "இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு இவராவது, முந்நூறு கஜம் ஓடுவதாவது!"

"முதலில் உயிர்தான் ஓடியது, தளவாய். வயிறு பின்னால்தான் வந்து சேர்ந்தது" என்றார் கவிராயர்.

ராஜா நெற்றியைச் சுருக்கினார். "இரும் தளவாய். அன்று தர்பாரில் இவர் முந்நூறு என்றதும், 'இல்லை, நானூறு இருக்கும்' என்று சொன்னது நீர்தானே? நீர் எங்கிருந்து அளந்தீர்?"

பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வதா, ஓடினேன் என்று ஒப்புக்கொள்வதா? தளவாய் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

"அவரைக் கோபிக்காதீர்கள், மகாராஜா" என்றார் கவிராயர் பரிவோடு. "நான் ஓடும்போது எனக்கு முன்னால் ஒரு முதுகு போய்க்கொண்டிருந்தது. யாருடையது என்று பார்க்கத்தான் நேரமில்லை."

ராஜா சிரித்த சிரிப்பில் பரண் ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, எதை வாங்கலாம்? அதைச் சொல்லும்!" என்றார்.

"பெரியதையே வாங்குங்கள். புலியைப் பார்க்கச் சின்னதே போதும். புலி வந்த பிறகு தளவாயைப் பார்க்கப் பெரியதுதான் வேண்டும்."

ராஜா இரண்டையும் வாங்கினார். பெரியதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சின்னதைக் கவிராயர் கழுத்தில் மாட்டிவிட்டு, அவர் தோளில் தட்டினார்.

"மானியமும் உமக்கே, இதுவும் உமக்கே. ஆனால் ஒன்று, கவிராயரே. இது முந்நூறு கஜம் வரைதான் காட்டும். அடுத்த புலிக்கு அதைத் தாண்டி ஓடினீரோ, கிராமத்தைத் தளவாய்க்குக் கொடுத்துவிடுவேன்!"