மிளகின் இடது காது

"அந்தக் குதிரையோட இடது காது நேரா நிக்கவே மாட்டேங்குது, டீச்சர். இனி என்னால முடியாது. நான் கல்யாண வீட்டுக்கே திரும்பிப் போறேன்."

கோட்டைச்சாமி இதைச் சொன்னபோது பூர்ணிமா ஸ்டூடியோத் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். எதிரே கன்னி இன வேட்டை நாய் ஒன்று உட்கார்ந்திருந்தது. கேமராவை நாயின் கண் மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாக அவள் அப்படியே கிடக்கிறாள்.

"சத்தம் போடாதீங்கண்ணே. இப்பத்தான் என்னைய மறந்துச்சு."

அவர் வாயை மூடிக்கொண்டார். மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது.

கோட்டைச்சாமிக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தெட்டு வருடம் மதுரையைச் சுற்றிக் கல்யாணம், காதுகுத்து என்று படம் எடுத்துத் தள்ளியவர். மாப்பிள்ளை வீட்டார் திட்டு, பெண் வீட்டார் திட்டு எல்லாம் வாங்கி அலுத்துப்போய், மனிதர்களைவிட மிருகங்கள் மேல் என்று முடிவு கட்டி, நாய்களையும் குதிரைகளையும் உருவப்படம் எடுக்கும் பூர்ணிமாவிடம் வந்து சேர்ந்தார். அவளுக்கு முப்பத்தொன்று. வயதைப் பார்த்தால் தொழில் வருமா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் அவரை அண்ணே என்பாள். இந்த ஒரு விஷயத்தில்தான் இருவருக்கும் இதுவரை சண்டை வந்ததில்லை.

நாய் கொட்டாவி விட்டது.

பூர்ணிமா ஒரே ஒரு படம் எடுத்தாள். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க. யாரு, மிளகா?"

"வேற யாரு?"

மிளகு என்பது ஜமால் ராவுத்தரின் கறுப்புப் பெண்குதிரை. ராவுத்தர் ஊருக்கு வெளியே குதிரையேற்றப் பள்ளி நடத்துகிறார். இருபது வருடம் தினமும் அவர் ஏறி உட்கார்ந்த குதிரை அது. இப்போது அதற்கு வயிற்றில் கட்டி. இனியும் வேதனைப்படவிட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளை சனிக்கிழமை காலையில் ஊசியோடு வருகிறார். அதற்குள் ஒரு படம் வேண்டும். ராவுத்தர் கேட்டது அவ்வளவுதான்.

"குதிரைப் படம்னா ரெண்டு காதும் முன்னால நிக்கணும். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"சொன்னேன்."

"கொள்ளு வாளியை ஆட்டினேன். போன்ல குதிரை கனைக்கிற சத்தம் போட்டேன். கடைசியில நானே கனைச்சேன். வலது காது நிக்குது. இடது காது பின்னாலயே திரும்பிக் கிடக்கு. கோவம்னா ரெண்டு காதும்ல மடங்கும்? இது ஒண்ணு மட்டும். நானூறு படம் எடுத்தேன் டீச்சர். நானூறுலயும் இதே கூத்து."

"அதை ராவுத்தர்கிட்ட காட்டினீங்களா?"

"அதைப் போய்க் காட்டுவாங்களா? ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததை அழிச்சுட்டேன்."

பூர்ணிமா லென்ஸ் மூடியைத் தேடி எடுத்து மாட்டினாள்.

"அந்த ஒண்ணுல வலது காதை வெட்டித் திருப்பி, இடது பக்கம் ஒட்டினேன். கம்ப்யூட்டர்ல ரெண்டு நாள் வேலை. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தாலும் தெரியாது."

"அப்புறம்?"

"பார்த்ததும், 'இவளுக்கு எப்ப தம்பி ரெண்டு வலது காது முளைச்சுச்சு?'ன்னு கேட்டுட்டார்."

பூர்ணிமா சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தாள். முடியவில்லை.

"சிரிங்க. நல்லா சிரிங்க. நேத்து மறுபடியும் போனேன். குதிரை மூஞ்சிக்கு நேரா குடையைப் படார்னு விரிச்சேன். நின்னுச்சு! ரெண்டு காதும் நின்னுச்சு. பாருங்க, இதைப் போட்டிக்கே அனுப்பலாம்."

போனை நீட்டினார். பூர்ணிமா வாங்கிப் பார்த்தாள். கறுப்புப் பின்னணியில் கறுப்புக் குதிரை. காதுகள் இரண்டும் விறைத்து நின்றன. கண் பளபளத்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"இதுக்கு என்ன சொன்னார்?"

"'நல்ல குதிரை தம்பி. யாரோடது?'ன்னார்."

போனைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். வருவது ஆத்திரமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

"சொந்தக் குதிரையையே அந்த மனுசனுக்கு அடையாளம் தெரியல. நாளைக்கு அது இருக்காது. நாளைக்கழிச்சு என்னையத் திட்டுவார். நான் என்னதான் பண்ணித் தொலைக்க?"

"அந்தக் காது எதைப் பார்த்துத் திரும்புது?"

"எதையும் இல்ல. பின்னால கறுப்புத் துணி கட்டியிருக்கேன்."

"ஒண்ணுமே இல்லாததுக்கா அது திரும்புது?"

"அதைக் கேக்கத்தான உங்ககிட்ட வந்தேன்!"

பூர்ணிமா கார் சாவியை எடுத்தாள்.

"வாங்க. கேமரா என்கிட்ட இருக்கட்டும்."

அவர்கள் லாயத்துக்குப் போனபோது ராவுத்தர் தொப்பி போட்டுக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். லாயத்துச் சுவரில் கறுப்புத் துணி கட்டியபடியே தொங்கியது. மிளகு அதன் முன்னால் தலையைத் தொங்கப் போட்டு நின்றது.

"வாங்கம்மா. தொழுதுட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் இவளைப் பார்த்துக்கங்க."

போகிறபோது கோட்டைச்சாமியின் கைகளைப் பார்த்தார்.

"இன்னைக்குக் குடை இல்லையா தம்பி?"

"இல்லய்யா," என்றார் கோட்டைச்சாமி, பல்லைக் கடித்துக்கொண்டு.

ராவுத்தர் போனதும் பூர்ணிமா கேட்டாள்.

"நீங்க படம் எடுக்கிறப்ப அவர் எங்க நிப்பார்?"

"இடது பக்கம். குதிரைக்காரங்க எல்லாம் அந்தப் பக்கம்தான நிப்பாங்க? படத்துல விழாம, அது முதுகுல சேணம் போடுற இடத்துக்குப் பக்கத்துல, கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். வாய் மட்டும் ஓயாது. எதையாவது தொணதொணன்னுக்கிட்டே இருப்பார். 'கொஞ்சம் பேசாம நில்லுங்கய்யா'ன்னு ஒவ்வொரு தடவையும் நான்தான் அடக்கி வைக்கணும்."

"போய் அங்க நில்லுங்க."

"நானா?"

அவள் சுவரிலிருந்த பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"முதுகைத் தேய்ங்க."

"டீச்சர், நாளைக்குக் காலையில டாக்டர் வர்றார். தேய்ச்சுக்கிட்டிருக்க இதுவா நேரம்?"

"தேய்ச்சுக்கிட்டே திட்டுங்க. என்னைய, அவரை, குதிரையை, யாரை வேணும்னாலும்."

அது அவருக்கு ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. ஆரம்பித்தார். ராவுத்தரின் கண்ணைத் திட்டினார். தொழில் கற்றுத் தருகிறேன் என்று கூட்டிவந்து குதிரை தேய்க்க விடுகிறவர்களைத் திட்டினார். கல்யாண வீட்டிலாவது வேளைக்குச் சாப்பாடு கிடைத்தது என்றார். பிறகு மிளகின் பக்கம் வந்தார்.

"உன்னால எனக்கு ஒரு வாரமாத் தூக்கம் இல்ல. தெரியுமா உனக்கு? ஒரே ஒரு காது. அதை முன்னால திருப்ப உனக்கு என்ன…"

நிறுத்தினார்.

ஒரு வாரமாகக் குதிரையை அவர் முன்னாலிருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறார். அதன் தலையை இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. இடது காதின் உட்புறம், மெல்லிய சாம்பல் நிற மயிரோடு, முழுதாக அவரைப் பார்த்துத் திறந்திருந்தது.

அவர் பேசவில்லை. காதும் அசையவில்லை.

"என்னையவா?" என்றார் மெதுவாக.

காது லேசாக அசைந்து, இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் திரும்பியது.

பிரஷ் குதிரையின் முதுகிலேயே நின்றுபோனது.

"நானூறு படம் டீச்சர். பாவி நான், அத்தனையும் அழிச்சுட்டேனே."

பூர்ணிமா கேமராவை நீட்டினாள்.

ராவுத்தர் திரும்பி வந்தார். கோட்டைச்சாமி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

"அய்யா, உங்க இடத்துல நில்லுங்க. கயித்தைப் பிடிங்க. பேசுங்க."

"பேசாதீங்கன்னுதான தம்பி சொல்வீங்க?"

"புத்தியில்லாமச் சொன்னேன். பேசுங்கய்யா."

"என்ன பேச?"

"தினமும் அவகிட்ட என்ன பேசுவீங்களோ, அது."

ராவுத்தர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். அப்புறம் குதிரையின் முதுகில் கையை வைத்தார்.

"இன்னைக்குப் பள்ளிவாசல்ல சரியான கூட்டம். வெளிய வந்து பார்த்தா செருப்பைக் காணோம். தேடுறேன், தேடுறேன், கிடைக்கல. இந்த வெயில்ல வெறுங்காலோட எப்படி வர்றது? அப்ப ஓரமா ஒரு ஜோடி கிடந்துச்சு…"

தொங்கியிருந்த தலை மெல்ல நிமிர்ந்தது. கோட்டைச்சாமி ஒரே ஒரு படம் எடுத்தார்.

"போதும்யா," என்று கேமராவின் திரையை அவர் முன்னால் கொண்டுபோய்ப் பிடித்தார்.

ராவுத்தர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தார்.

பிறகு திரையில் திரும்பியிருந்த அந்தக் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"போட்டுக்கிட்டு வந்துட்டேன். வந்து பார்த்தா, அது என் செருப்பே இல்லடி."