நெட்டையன் கடைசியாகச் சொன்ன சொல்

அந்தக் காலத்தில் மிருகங்கள் எல்லாம் பேசும். பேசும் என்றால் பெரிய பெரிய விஷயங்களை ஒன்றும் பேசிக் கிழித்துவிடவில்லை. ஆடு மழையைத் திட்டும். கோழி பக்கத்து வீட்டுக் கோழியைப் பற்றிக் கோள் சொல்லும். கழுதை பேச ஆரம்பித்தால் நிறுத்தாது. கழுதை இருக்கும் தெருவில் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். குதிரைதான் கொஞ்சம் நிதானம். கேட்டால் பதில் சொல்லும், அதுவும் கேட்டவர் மனம் கோணாமல் சொல்லும். இந்தக் கதையில் வந்த வினையெல்லாம் அந்த நல்ல குணத்தால் வந்ததுதான்.

மலைமேல் கூரைப்பாறை என்று ஒரு சிற்றூர். வண்டி ஏற முடியாத ஊர். மிளகும் பூண்டும் கீழே இறங்குவதும், உப்பும் அரிசியும் மேலே ஏறுவதும் குதிரை முதுகில்தான். அங்கே பொதிகுதிரை வைத்துப் பிழைத்தவர்களில் சடைச்சி ஒருத்தி. நாற்பதைத் தாண்டியவள், புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், தனியாள். அவள் ஒரு பொதியைக் கட்டினால் அது அடிவாரம் போய்ச் சேரும்வரை ஓர் அங்குலம் நகராது. ஊரில் அவளுக்கு அந்தப் பெயர் உண்டு.

அவளுடைய குதிரையின் பெயர் நெட்டையன். பெயரைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். அது அவள் நெஞ்சு உயரம்தான் இருக்கும். குட்டியாகப் பிறந்தபோது கால் மட்டும் நீளமாக இருந்தது, அதைப் பார்த்து ஆசையாக வைத்த பெயர். பிறகு கால் வளர மறந்துவிட்டது, பெயர் நின்றுவிட்டது. நெட்டையன் அவளை அக்கா என்று கூப்பிடும். மலை இறங்கும்போது இரண்டு பேரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே போவார்கள். யார் வீட்டுப் பூண்டு ஈரம், எந்தத் திருப்பத்தில் கல் ஆடுகிறது, அண்ணன் மனைவி ஒச்சம்மா ஏன் நேற்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், இப்படித்தான். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் சடைச்சிக்கு அந்த வழி இரண்டு மடங்கு நீளமாகிவிடும்.

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்தால், கூரைப்பாறையில் மேகம் இறங்கி ஊரின்மேல் உட்கார்ந்துவிடும். எதிர்வீடு தெரியாது. பாதை பாசி பிடித்து வழுக்கும், பொதி போகாது. வேலையும் இல்லை, வெயிலும் இல்லை. சடைச்சிக்கு வருஷா வருஷம் அப்போது மனசு விழுந்துவிடும். காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது, யாரும் ஒரு சொல் சொல்லிவிடவும் இல்லை. கண் விழித்ததும் கம்பளியை விலக்குவதே பெரும்பாடாக இருக்கும். அடுப்பைப் பார்ப்பாள், எதற்கு மூட்டுவது என்று தோன்றும். அழுகைகூட வராது. வந்தாலாவது ஒரு வேலை செய்த மாதிரி இருந்திருக்கும்.

மற்ற வருஷங்களில் எப்படியோ உருட்டிப் புரட்டி எழுந்து நடமாடிவிடுவாள். இந்த வருஷம் முடியவில்லை.

புத்தி சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஒச்சம்மா வந்து வாசலில் நின்று, "நாலு வீடு போயி நாலு வார்த்தை பேசிட்டு வந்தா எல்லாம் சரியாப் போயிரும் சடைச்சி" என்றாள். "சரி மதினி" என்று சடைச்சி படுத்தபடியே சொன்னாள். ஒச்சம்மாவோடு வந்த ஆடு தலையை உள்ளே நீட்டி, "படுத்தே கெடந்தா கொழுப்பு வைக்கும்" என்று தன் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போனது.

குதிரைக் கொட்டில் சடைச்சியின் படுக்கைக்கு அந்தப் பக்கம், ஒரே சுவர். ஒரு காலையில் அவளால் எழவே முடியவில்லை. குதிரைக்குக் கொள்ளு வேகவைக்க வேண்டும், புல் போட வேண்டும். நினைக்கவே மலைப்பாக இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டாள்.

"நெட்டையா, பசிக்குதாடா?"

சுவருக்கு அப்பால் இருந்து, "இல்லக்கா. நேத்துத் தின்னதே வயித்துல இருக்கு. நீ படு" என்று வந்தது.

சடைச்சிக்கு அப்பாடா என்று இருந்தது. கம்பளியை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டாள்.

மறுநாளும் கேட்டாள். "பசிக்கலக்கா, வேலையே செய்யலியே, எப்படிப் பசிக்கும்?" என்றது. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எப்போதாவது மத்தியானத்துக்கு மேல் எழுந்து போய் ஒரு கை காய்ந்த புல்லைக் கொட்டில் வாசலிலிருந்தே வீசிவிட்டு வருவாள். பிறகு அதுவும் நின்றுபோனது. "குரல் கம்முதே?" என்று ஒரு நாள் கேட்டதற்கு, "பனிக்கா" என்றது நெட்டையன். குதிரைக்குப் பசிக்காமல் இருக்குமா என்பது குதிரை வைத்திருக்கிறவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த "இல்லக்கா" அவளுக்குத் தேவையாக இருந்தது. அதைக் கேட்டால்தான் குற்ற உணர்ச்சி இல்லாமல் படுக்கலாம். ஒவ்வொரு "இல்லக்கா"வுக்கும் அவள் படுக்கைக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கினாள்.

அப்படி இருக்கும்போது ஒரு காலையில் ஒச்சம்மா கோணி ஊசி கேட்டு வந்தாள். ஊசி கொட்டிலில் செருகியிருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சடைச்சி சொன்னாள். போனவள் ஊசி இல்லாமல் திரும்பி வந்தாள்.

"ஏத்தா, உன் கொட்டில் கூரை எங்க?"

"கூரைக்கு என்ன மதினி?"

"எந்திரிச்சு வந்து பாரு. நான் சொன்னா நம்ப மாட்டே."

சடைச்சி கம்பளியோடு எழுந்து போனாள். புல் வேய்ந்த கூரை. குதிரையின் வாய் எட்டுகிற உயரம்வரை உள்பக்கமாக அது கடித்துத் தின்னப்பட்டிருந்தது. பழைய புல், புகையேறி மக்கின புல். மூங்கில் வரிச்சு மட்டும் மிச்சம் நின்றது, அதன் வழியாகப் பனி உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. கீழே நெட்டையன் படுத்திருந்தது. விலா எலும்புகள் எல்லாம் வெளியே தெரிந்தன. அவளைப் பார்த்ததும் மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தது. முன்னங்கால் ஊன்றியது, பின்னங்கால் வரவில்லை.

"பசிக்கலைன்னியேடா" என்றாள் சடைச்சி.

"நீயே எந்திரிக்க முடியாமக் கெடந்தே. பாரம் தூக்குறதுதான் அக்கா என் வேலை. நான் பாரமா இருக்கக் கூடாதுன்னு பாத்தேன்."

சடைச்சி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மார்கழி பிறந்த பிறகு அவளுக்கு வந்த முதல் அழுகை அது. ஒச்சம்மா அதற்கும் ஏதோ புத்தி சொல்ல வாயெடுத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, பேசாமல் போய் ஒரு கட்டு விறகைக் கொண்டுவந்து போட்டாள். அவள் செய்த நல்ல காரியம் அது.

அடுப்பு மூட்டப்பட்டது. கொள்ளு வெந்தது. காய்ந்த வயிற்றில் ஒரேயடியாகக் கொள்ளைப் போட்டால் குதிரைக்கு வயிறு கட்டிக்கொள்ளும், உயிரே போய்விடும். அது சடைச்சிக்குத் தெரியும். அதனால் முதலில் வெந்த தண்ணீரை இளஞ்சூட்டில் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிடி கொள்ளு. அப்புறம் ஒரு பிடி புல். மறுபடி தண்ணீர். இப்படி அன்று பகல் முழுக்க வீட்டுக்கும் கொட்டிலுக்கும் நடையாய் நடந்தாள். நடுவில் நெட்டையன் அவளை ஏற இறங்கப் பார்த்து, "நீ சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டது.

"எனக்குப் பசிக்கலடா."

நெட்டையன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. சடைச்சிக்கு வெட்கமாகப் போயிற்று. பானையில் மிச்சமிருந்த கொள்ளுத் தண்ணீரில் உப்பும் நசுக்கின மிளகும் போட்டு, அதன் எதிரிலேயே உட்கார்ந்து குடித்தாள். தொண்டையில் சூடு இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது.

அத்தோடு அவள் மனசு தேறிவிட்டது என்று முடித்தால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அப்படி நடக்கவில்லை. மறுநாள் கண் விழித்தபோது அதே மேகம் வாசலில் நின்றது, அதே கனம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது. சடைச்சி சுவர்ப்பக்கம் திரும்பினாள். வாய் பழக்கத்தில் கேட்டது.

"பசிக்குதாடா?"

அந்தப் பக்கமும் பழக்கம்தான் பதில் சொன்னது. "இல்லக்கா. நீ படு."

அது பொய் என்று இப்போது சடைச்சிக்கு நன்றாகத் தெரியும். கூரையைக் கண்ணால் பார்த்துவிட்டாள். தெரிந்தும், நேற்றுவரை வந்த அதே அப்பாடா மனசுக்குள் வந்தது. அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. குதிரை செத்தாலும் நான் இப்படித்தான் படுத்திருப்பேனோ என்று நினைத்தாள். அந்தப் பயத்தில் எழுந்து கொட்டிலுக்குப் போய், அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ சொன்னது பொய்னு தெரியும்டா. தெரிஞ்சும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. பயமா இருக்கு."

நெட்டையன் காதை முன்னும் பின்னும் ஆட்டி யோசித்தது. "உன் குரல் அப்படிச் சோந்து வந்தா எனக்கு நெசம் வர மாட்டேங்குதுக்கா. நானும் சொல்லிப் பாத்தேன். பசிக்குதுன்னுதான் ஆரம்பிக்கிறேன், வெளிய வரும்போது இல்லன்னு வருது. இந்த வாய் இருக்குற வரைக்கும் உன்னப் படுன்னுதான் சொல்லும்."

"அதுக்கு என்ன பண்ண?"

"வாய வச்சுக்க வேணாம்."

சடைச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போனாள். "கிறுக்கா உனக்கு? மலை எறங்கும்போது யாருடா என்கூடப் பேசுவா?"

"நீ பேசு. எனக்குக் காது ரெண்டு இருக்கு."

"வேணாம்டா. நானே கேக்காம எந்திரிச்சு வந்துர்றேன்."

"வருவே. ஒரு நாள் வருவே, ரெண்டு நாள் வருவே. மூணாம் நாளு கேப்பே. நானும் இல்லம்பேன்." நெட்டையன் முன்னங்காலைத் தூக்கிக் கொட்டிலின் கல் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. டொக் என்று கேட்டது. "இதுக்கு மட்டும் உன்மேல எரக்கம் கெடையாது அக்கா."

சடைச்சி என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள், கெஞ்சினாள், திட்டினாள். நெட்டையன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. அவள் ஓய்ந்த பிறகு அவள் முகத்துக்கு நேரே பார்த்து, ஒரே ஒரு சொல் சொன்னது.

"பசிக்குது."

அப்புறம் வாயை மூடிக்கொண்டது. அவள் போய் அடுப்பு மூட்டினாள்.

அடுத்த நாள் விடியும்போது சுவருக்கு அப்பால், டொக். சடைச்சி கண்ணைத் திறக்கவில்லை. டொக், டொக். "இருடா, கொஞ்சம் பொறு" என்றாள். பேசுகிற குதிரையாக இருந்தால் பொறுத்திருக்கும். குளம்புக்குச் சமாதானம் சொல்ல முடியுமா? டொக், டொக், டொக். சனியனே என்று திட்டிக்கொண்டே எழுந்தாள். கொள்ளை வேகவைத்துக் கொட்டினாள், வெந்த தண்ணீரை அவள் குடித்தாள். அன்று அதற்குமேல் ஒன்றும் முடியவில்லை, போய்ப் படுத்துவிட்டாள். அவள் திரும்பப் படுத்ததற்கு நெட்டையன் தட்டவில்லை. அதற்கு வேண்டியது அவள் ஒரு தடவை எழுவதுதான்.

அந்தக் குளிர்காலம் அப்படியே போனது. சில நாள் அழுதுகொண்டே அடுப்பு மூட்டினாள். சில நாள் கொட்டில் வாசலில் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். ஒரு நாள் கையோடு கூரைக்குப் புல் அறுத்துக் கட்டினாள். ஒரு காலையிலும் அவள் எழாமல் இருக்கவில்லை. நெட்டையனும் ஒரு காலையிலும் பசியோடு நிற்கவில்லை.

மாசியில் மேகம் விலகி வெயில் வந்தது. பாதை காய்ந்தது, பொதி ஏறியது. சடைச்சியின் நெஞ்சில் இருந்த கனமும் எப்போது இறங்கியது என்று தெரியாமல் இறங்கிவிட்டிருந்தது. மலை இறங்கும்போது முதல் திருப்பத்தில் நின்று கேட்டாள்.

"இப்பத்தான் நல்லாயிட்டேனே. ஒரு வார்த்தை பேசுடா."

நெட்டையன் இரண்டு காதையும் அவள் பக்கம் திருப்பியது. அவ்வளவுதான். பேச மாட்டேன் என்று நின்றதா, பேச்சே மறந்துவிட்டதா, அதை யாரிடம் போய்க் கேட்பது? இனி அந்தக் குரல் கிடையாது என்று சடைச்சிக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒச்சம்மா முந்தாநாள் ஏன் சண்டை போட்டாள் என்று அடிவாரம்வரை தான் ஒருத்தியே பேசிக்கொண்டு போனாள். குதிரை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தது.

ஒரு குதிரை மிரண்டால் கூட இருக்கிற எல்லாம் மிரளும். நல்லதும் அப்படித்தான் அவற்றுக்குத் தொற்றும். கூரைப்பாறைக் குதிரைகள் ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டுத் தட்டப் பழகின. அடிவாரத்தில் அவற்றைப் பார்த்த குதிரைகளும் பழகின. அந்த ஊரில் மார்கழி வந்தால் முதல் உலை குதிரைக் கொள்ளுக்குத்தான். வெந்த தண்ணீரில் உப்பும் மிளகும் போட்டு வீட்டுக்காரர் குடித்த பிறகுதான் மற்றது. குதிரைகள் வாயை மூடிக்கொண்டதும், விடிந்தால் முன்னங்காலால் தரையைத் தட்டுவதும் அன்று முதல்தான். கொஞ்சம் பொறு என்று நாம் எவ்வளவு சொன்னாலும், எழுந்து போய் முகத்தைக் காட்டுகிறவரை அது நிறுத்தாது.