அடுத்த வாரத்து மழை

நாகூர் ஷம்ஷாத் டீச்சருக்குச் சீடர்கள் உண்டு. பெண்கள் பள்ளியில் புவியியல் நடத்துகிறவர் அவர். சனிக்கிழமைகளில் தன் வீட்டு முன்னறையில், வானிலைப் பைத்தியம் பிடித்த சிலருக்குக் காற்றழுத்த வரைபடம் பார்க்கச் சொல்லித்தருவார். சம்பளம் வாங்குவதில்லை. கேள்வி கேட்டால் நேராகப் பதில் சொல்லுவதுமில்லை.

சீடர்களில் மூத்தவர் தட்சிணாமூர்த்தி. கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் எழுத்தர். டீச்சரைவிட வயதில் ரொம்பவே பெரியவர். ஆதி குருவின் பெயரை வைத்துக்கொண்டு பாடம் கேட்க வந்து உட்காருகிறாரே என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அவர் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது சிரிக்கிற நிலையில் இல்லை. கக்கத்தில் லேப்டாப். முகத்தில் மழிக்காத வெள்ளைத் தாடி. ஒரு வாரமாகச் சரியான தூக்கம் கிடையாது. கம்ப்யூட்டர் மாடல்கள் புதுக் கணக்குப் போட்டுப் புதுப் படம் வெளியிடும்போதெல்லாம் எழுந்து பார்ப்பதே அவருக்குப் பிழைப்பாகிவிட்டது.

"உள்ளே வாங்கண்ணே. என்ன இப்படி ஆயிட்டீங்க?"

"ரெண்டும் ஒத்துவர மாட்டேங்குது டீச்சர்."

எந்த இரண்டு என்று டீச்சர் கேட்கவில்லை. வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகியிருந்தது. அது கோடியக்கரைக்கு வந்து சேரும், வியாழக்கிழமையிலிருந்து டெல்டாவில் கொட்டும் என்றது ஐரோப்பிய மாடல். அப்படியே இலங்கைக்குக் கீழே நழுவிப் போய்விடும், இங்கே நல்ல வெயில் என்றது அமெரிக்க மாடல். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே தட்சிணாமூர்த்தியின் கண் சிவந்துபோயிருந்தது.

"எதை நம்பறது டீச்சர்?"

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்த நேரம் பார்த்து தட்சிணாமூர்த்தியின் போன் அடித்தது. யார் என்று பார்த்தார். எடுக்காமல் மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"யாருண்ணே?"

"என் தங்கச்சி. தையல்நாயகி."

"எடுக்கலாம்ல?"

"என்னன்னு சொல்லி எடுக்க?"

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. புருஷன் போனபிறகு தையல்நாயகி குத்தகைக்கு நிலம் எடுத்துத் தனியாளாகச் சம்பா போட்டிருக்கிறாள். கதிர் பழுத்து வருகிறது, இன்னும் ஒரு வாரம் நின்றால் தங்கம். ஆனால் அறுவடை மிஷின் இன்றைக்குத்தான் அவள் ஊரில் நிற்கிறது. சாயங்காலம் மன்னார்குடிப் பக்கம் கிளம்புகிறது. மறுபடி எப்போது திரும்பும் என்று மிஷின்காரனுக்கே தெரியாது. காலையிலேயே அண்ணனிடம் கேட்டுவிட்டாள். மேகம் படிக்கிற அண்ணன் இருக்கும்போது அவள் வேறு யாரைக் கேட்பாள்?

"இன்னும் பதில் சொல்லலியா?"

"டைப் பண்ணி வச்சிருக்கேன். இன்னும் அனுப்பல."

"என்னன்னு?"

தட்சிணாமூர்த்திக்கு முகத்தில் லேசாக ஒரு களை வந்தது. "ரெண்டுல எதையும் விட மனசில்ல டீச்சர். அது நூறு மில்லிமீட்டர்ங்குது, இது சைபர்ங்குது. கூட்டி ரெண்டால வகுத்துட்டேன். டெல்டாவில் மிதமான மழை எதிர்பார்க்கலாம்னு போட்டிருக்கேன்."

டீச்சர் எழுந்தார்.

"காபியா, டீயாண்ணே?"

"எதுவானாலும் சரி டீச்சர்."

உள்ளே பால் பொங்கும் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன. ஒரு தம்ளர் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். தட்சிணாமூர்த்தி ஒரு வாய் குடித்தார். முகம் கோணிக்கொண்டது. காபியாகவும் இல்லை, டீயாகவும் இல்லை.

"இது என்ன டீச்சர்?"

"கூட்டி ரெண்டால வகுத்தது."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். போனைத் திருப்பி, எழுதியதை அழித்தார். அழித்தபிறகு இன்னும் சோர்ந்துபோனார். பாவம், கையில் இருந்த ஒரே பதிலும் போய்விட்டது.

"அப்ப அடுத்த படம் வரட்டும். அதுல தெளிஞ்சுரும்" என்றார்.

டீச்சர் பிள்ளைகளின் பரீட்சைத் தாள் கட்டை எடுத்துவைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தார். தட்சிணாமூர்த்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் வாசற்படியிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போனது. போன் இன்னொரு தரம் அடித்து ஓய்ந்தது. அடிக்கும்போது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார், அவ்வளவுதான்.

கடைசியில் புதுப் படங்கள் வந்தன. முதலில் ஒன்று, பின்னாலேயே மற்றொன்று.

"டீச்சர்!" அவர் குரல் உடைந்தது. "கட்சி மாறிடுச்சு டீச்சர். ஐரோப்பாக்காரன் இப்ப இலங்கைக்குக் கீழே போகுதுங்கிறான். அமெரிக்காக்காரன் கோடியக்கரைக்குக் கொண்டாந்துட்டான்."

"ம்."

"காலையில அவன் சொன்னதை இப்ப இவன் சொல்றான். இவன் சொன்னதை அவன் சொல்றான். நான் எங்கே போய் முட்டிக்கிறது?"

லேப்டாப்பை மூடினார். உடனே திறந்தார். மறுபடி மூடினார். அந்த வயதில் ஒரு மனிதர் அப்படித் தவிப்பதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

"ஐப்பசியில பேய்மழைன்னு குரூப்ல போட்டேன் டீச்சர். சொட்டு விழல. துணி காயப் போடலாமா, ஐயாகிட்ட பர்மிஷன் வாங்கணுமான்னு கேட்டானுங்க. சொசைட்டிக்குப் பால் ஊத்த வர்றவன்கூட வானத்தைப் பார்த்துட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். இப்ப இவளுக்கும் தப்பாச் சொல்லிட்டேன்னா? கூடப் பொறந்தவ."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினார்.

"மழை வருமான்னா தங்கச்சி கேட்டாங்க?"

"வேற என்ன?"

"அவங்க அனுப்பினதைப் படிங்கண்ணே."

தட்சிணாமூர்த்தி போனை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "அண்ணே, இன்னைக்கே அறுத்துடவா?"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இன்னைக்கு அறுத்தா என்ன போகும்?"

"பச்சை மணி கலந்து வரும். எடை குறையும். ஈரம் ஜாஸ்தின்னு கொள்முதல் நிலையத்துல வாங்க மாட்டான். ரோட்டுல கொட்டிக் காய வைக்கணும். நாலஞ்சு நாள் அவ முதுகு ஒடியும்."

"மழை வந்தா?"

"தார்ப்பாய் வச்சிருக்கா. சமுதாயக்கூடத்துல அள்ளிப் போட்டுக்கலாம்."

"அறுக்காம விட்டு மழை வந்தா?"

இதற்கு அவர் லேப்டாப்பைத் திறக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சாஞ்சுரும் டீச்சர். தண்ணியில கிடந்து முளைச்சுரும். வீட்டுக்கு ஒரு மரக்கால்கூடத் தேறாது. நிலத்துக்காரன் அடுத்த வருஷம் குத்தகையைத் தர மாட்டான். அப்புறம் அவ ஊர்ல இருக்கிறதுக்கே ஒண்ணும் கிடையாது."

"மழை வராதுன்னு ரெண்டு மாடலும் சேர்ந்து சொல்லிச்சா, இந்த வாரத்துல எப்பவாவது?"

தட்சிணாமூர்த்தி யோசித்தார். "இல்ல. எப்பப் பார்த்தாலும் ஏதோ ஒண்ணு வரும்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கு."

"அப்ப அறுக்கச் சொல்லுங்க."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். தட்சிணாமூர்த்தி தங்கையின் எண்ணைத் தேடி எடுத்தார். விரல் அதன்மேலேயே நின்றுவிட்டது. காலையிலிருந்து போனை எடுக்கவிடாமல் உள்ளே கிடந்தது அப்போதுதான் வாய்வழியாக வெளியே வந்தது.

"நான் சொல்லி அவ இன்னைக்கே அறுத்துட்டு, அப்புறம் மழையே வரலைன்னா, டீச்சர்?"

டீச்சர் அடுத்த பரீட்சைத் தாளை எடுத்தார்.

"வரலைன்னா ரொம்ப நல்லதுண்ணே. நெல்லு காயும்."